சொன்ன சொல் காணாமல் போனால் காத்திருக்காதீர்கள்

கேள்வி: மகனுக்கு 20 மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை; அடுத்த அறையில் விளம்பரப் பாட்டு கேட்டால் ஓடுகிறான். முன்பு ‘அம்மா’, ‘தா’ என்பான், இப்போது அதுவும் இல்லை. “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்கிறார் மாமியார். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். தாமதமாகப் பேசுவது வேறு, வந்த பேச்சு போவது வேறு. இரண்டாவது எந்த வயதில் நடந்தாலும் உடனே குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது ஆட்டிசத்தின் (பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுபடும் வளர்ச்சி நிலை) அறிகுறியாகவும் இருக்கலாம்.

பேச்சு மட்டும் பிந்தும் குழந்தை வேறு வழிகளில் ‘பேசிக்கொண்டே’ இருக்கும். அதனால் வாயைவிட விரலைக் கவனியுங்கள். பந்து வேண்டுமென்று விரல் நீட்டுவது ஒரு வகை. விமானத்தைக் காட்டிவிட்டு, ‘நீயும் பார்த்தியா?’ என்பதுபோல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொரு வகை. இந்தப் பகிர்தல் 18 மாதத்திலும் வரவில்லையென்றால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. விரல் நீட்டாமல், உங்கள் கையை இழுத்துப் பொருளின்மேல் வைப்பதும் ஆட்டிசத்தில் அடிக்கடி காணும் அடையாளம்.

பாட்டுக்கு ஓடுகிறான் என்பதால் காது சரி என்று முடிவு கட்டாதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும் பாட்டுக்குத் திரும்பும். செவித்திறன் பரிசோதனை கட்டாயம். அசையாமல் இருக்க மாட்டான் என்றால், தூங்கும்போதே, ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் ‘பெரா’ (BERA) பரிசோதனை இருக்கிறது.

அடுத்து, 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறி உண்டா என்று பார்க்கும் ‘எம்-சாட்’ (M-CHAT) வினாப்பட்டியலை மருத்துவரிடம் கேளுங்கள். 20 கேள்விகள். மதிப்பெண் 3 முதல் 7 வரை என்றால் கூடுதல் கேள்விகள் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே நிபுணரிடம் அனுப்புவார்கள். எப்போதோ ஓரிரு முறை செய்ததை நினைத்து ‘ஆம்’ போடுவதுதான் பெற்றோர் செய்யும் பிழை. வழக்கமாகச் செய்யாவிட்டால் ‘இல்லை’தான். இது முதற்கட்டச் சல்லடை மட்டுமே, நோயறிதல் அல்ல. கூப்பிடும்போதும் விளையாடும்போதும் செல்போனில் இரண்டு நிமிட வீடியோக்கள் எடுத்துப் போங்கள். புது இடத்தில் குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஆட்டிசம்தான் என்று எழுதிக் கொடுக்கும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தொடர்புத்திறன் பயிற்சி எந்தக் குழந்தைக்கும் கெடுதல் செய்யாது.

கேள்வி: மூன்று வயது மகளுக்கு, வேண்டிய பொருளின் படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்கும் பட அட்டை முறையைப் பழக்கச் சொல்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். அட்டைக்குப் பழகினால் பேசவே மாட்டாளோ?

பதில்: அந்தப் பயம் பலருக்கும் உண்டு, ஆதாரம் இல்லை. அட்டை பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது.

அவளுக்கு மிகப் பிடித்த ஒரே பொருளில் தொடங்குங்கள். தொடக்கத்தில் இரண்டு பேர் தேவை. ஒருவர் பொருளோடு எதிரில். இன்னொருவர் பின்னால் இருந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அவள் கையைப் பிடித்து அட்டையை எடுத்து நீட்ட வைப்பார். அட்டை கைக்கு வந்ததும் எதிரில் இருப்பவர் பெயரைச் சொல்லிப் பொருளை உடனே தர வேண்டும். பின்னால் இருப்பவரின் உதவி நாளடைவில் குறைய வேண்டும்.

கெடுவது எங்கே தெரியுமா? “என்ன வேணும்?” என்று முதலில் நாம் கேட்பதில். நாம் விசாரித்த பிறகுதான் தனக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும் என்று குழந்தை பழகிவிடும். அட்டையை நீட்டிய பிறகும் “வாயால சொல்லு, தரேன்” என்று நிறுத்தி வைப்பது இன்னும் மோசம். அட்டை வேலை செய்யாது என்றே அவள் கற்றுக்கொள்வாள். அலமாரிக்குள் பத்திரப்படுத்தாதீர்கள், எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஆட்டிசத்தை முழுதாகக் குணமாக்கும் மருந்து உண்டா?

பதில்: இல்லை. கடும் கோபம், எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்றவற்றை மருத்துவர் தரலாம். அவை பேச்சையோ பழகும் திறனையோ கொண்டுவராது. உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையின் பக்கமே போகாதீர்கள், அதில் உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது.