ஆகஸ்ட் சாண்டரும் தாராவியும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டரைப் பற்றி முன்பொரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதன் பிறகுதான் அவருடைய படங்களைத் தேடிப் பார்த்தேன். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். அப்பா தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். நான் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறேன். தோல் தைப்பவர், சைக்கிளில் இட்லி விற்பவர், முறுக்கு பிழிபவர் என்று தாராவித் தமிழர்களைத் தொழில்வாரியாக, கையில் கருவியோடு நிற்கவைத்து எடுத்து, ஒவ்வொரு படத்தின் கீழும் தொழிலின் பெயரை மட்டும் எழுதி, ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. மறுசீரமைப்பு வேலை தொடங்கி ஆட்கள் கலைவதற்குள் முடிக்க நினைக்கிறேன்.

இதை அப்பாவிடம் சொன்னபோது, “ஊரில் நம் கழுத்தில் எதை மாட்டிவிட்டார்களோ, அதையே நீ சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறாயா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வெள்ளைக்காரர்கள் நம்மைச் சாதிவாரியாகப் படமெடுத்ததும் சாண்டர் செய்ததும் ஒன்றுதானா? இன்னொரு சிறிய கேள்வி: ஃபிலிமில் எடுக்க வேண்டுமா, டிஜிட்டல் போதுமா?

த., தாராவி

அன்புள்ள த.,

உங்கள் தந்தை கேட்டிருப்பது சாண்டரைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்ளாத கேள்வி. ஐரோப்பாவில் ஒருவரைத் தச்சர் என்றோ கொத்தனார் என்றோ எழுதினால் அவருடைய வர்க்கம் தெரியும். நம்மிடம் ஒருவரைத் தோல் தொழிலாளி என்று எழுதினால், அவர் பிறந்த தெருவும், அந்தத் தெரு ஊரின் எந்தப் பக்கம் இருந்தது என்பதும்கூடத் தெரிந்துவிடும். ஆகவே சாண்டரின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டுவந்து தாராவியில் இறக்க முடியாது என்பதில் நான் உங்கள் தந்தையின் பக்கம் நிற்கிறேன். ஆனால் சாண்டரும் ஆங்கிலேய அதிகாரிகளும் ஒன்றுதானா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே.

முதலில் அந்த ஆங்கிலேயப் படங்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, ஆளப்படும் மக்கள் யார் யார் என்று அறிந்துகொள்ளும் பதற்றத்தில் ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் 8 தொகுதிகளை 1868 முதல் 1875 வரை அரசு வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய 7 தொகுதிகள் 1909-இல் வந்தன. தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளவுகோல் வைத்து அளந்தவர். அந்தத் தொகுதிகளில் உள்ள மனிதர் தனக்காகப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கும்படி சொல்லப்பட்டு நிற்கிறார். படம் அவர் வீட்டுக்குப் போகப்போவதும் இல்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு சாண்டருக்கு வருவோம்.

சாண்டர் 1876-இல் கொலோன் நகருக்குக் கிழக்கே, இரும்புச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஹெர்டார்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை சுரங்கத்தில் தச்சு வேலை பார்த்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சாண்டரும் சுரங்கத்தின் கழிவு மேட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பகுதியைப் படமெடுக்க வந்த ஒருவருக்கு வழிகாட்டியாக அனுப்பப்பட்டபோதுதான் அவர் முதன்முதலில் கேமராவைப் பார்த்தார். பிறகு உறவினர் ஒருவரின் பண உதவியால் கேமரா வாங்கி, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஸ்டூடியோ நடத்தி, 1910 வாக்கில் கொலோனில் வந்து அமர்ந்தார். புது ஊரில் ஸ்டூடியோவுக்கு ஆட்கள் வரவில்லை. எனவே சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு, தான் பிறந்த மண்ணுக்கு அருகிலிருந்த வெஸ்டர்வால்ட் கிராமங்களுக்குப் போய், விவசாயக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்துக் கொடுத்தார். உலகப் புகழ்பெற்ற அந்தத் தொகுப்பின் முதல் படங்கள் இப்படி வாடிக்கையாளர் கேட்டுவாங்கிய படங்களே. படத்தில் நிற்பவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தாமே தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டு, எங்கே நிற்பது என்று புகைப்படக்காரரோடு பேசி நின்றவர். படம் அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. தர்ஸ்டனின் படங்களிலிருந்து சாண்டரின் படங்கள் பிரியும் முதல் இடம் இது.

தொடக்கத்தில் அவரும் மற்றவர்களைப் போல, ஓவியம் மாதிரி மங்கலாகத் தோன்றும் அச்சுகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர் ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்று சொல்வோமே, முகத்துச் சுருக்கத்தையும் தழும்பையும் நெகட்டிவிலேயே பென்சிலால் மறைக்கும் அந்த வேலை அன்று எல்லா ஊரிலும் நடந்தது. 1920-களில் கொலோனின் இடதுசாரி ஓவியர்களோடு, குறிப்பாக ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் சைவெர்ட்டோடு, பழகத் தொடங்கிய பிறகு சாண்டர் அதை நிறுத்தினார். பழைய நெகட்டிவ்களை எடுத்துப் பளபளப்பான தாளில் எந்தத் திருத்தமும் இல்லாமல் மறுபடி அச்சிட்டுப் பார்த்தார். விற்பனைக்காக எடுத்த கிராமத்துப் படங்கள் ஒரு சமூகத்தின் ஆவணமாக அவருக்கே தெரியத் தொடங்கியது அப்போதுதான். ‘20-ஆம் நூற்றாண்டின் மனிதர்கள்’ என்ற பெருந்திட்டம் அதிலிருந்து பிறந்தது. விவசாயி, கைவினைஞர், பெண், தொழில்கள், கலைஞர்கள், பெருநகரம், கடைசி மனிதர்கள் என 7 பிரிவுகள். பிரிவுகளுக்குள் மொத்தம் 45 தொகுப்புகள், தொகுப்புக்கு 12 படங்கள் என்பது அவர் போட்ட கணக்கு.

இனி 1928-இல் எடுத்த அந்தப் பலகாரக் கடைக்காரரின் படம். நீங்களும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். மொட்டைத் தலை, மீசை, உருண்டு திரண்ட உடம்பு, முழங்கால் வரை தொங்கும் வெள்ளை மேலங்கி. ஒரு கை பெரிய உலோகப் பாத்திரத்தின் பிடியில், மறுகை உள்ளே கிளறும் கரண்டியில். வேலையில் இருப்பவர்போல நிற்கிறாரே தவிர, வேலை செய்யவில்லை. கண் பாத்திரத்தில் இல்லை, நம்மீது இருக்கிறது. காலில் இருப்பது மெருகேற்றிய ஷூ, அடுப்படியில் நின்று மாவு கிளறுகிறவர் வழக்கமாக அணியக்கூடியது அன்று. இது என் கடை, நான் இதன் முதலாளி, உனக்கு என்ன வேண்டும் என்று அந்த உடம்பு முழுவதும் கேட்கிறது. சாண்டர் முக்காலியில் நிறுத்திய பெரிய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் விடாமல் பயன்படுத்தியவர். சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும் என்பதால் கணநேரச் சிரிப்பு அதில் நிற்காது. தான் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒருவர் முடிவுசெய்து அந்த முடிவைச் சில நொடிகள் தாங்கிப்பிடிக்க வேண்டும். சாண்டரின் படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் அந்த முடிவைத்தான்.

அந்த முடிவும் சாண்டர் எழுதிய தலைப்பும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதற்கு அவருடைய மிகப் புகழ்பெற்ற படமே சாட்சி. 1914-இல் எடுத்தது. மண்பாதையில் மூன்று இளைஞர்கள் கறுப்புக் கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக நடனத்துக்குப் போகும் வழியில் திரும்பி நிற்கிறார்கள். இடதுபுறம் இருப்பவனின் தொப்பி கொஞ்சம் சரிந்திருக்கிறது, வாயில் சிகரெட். வலதுபுறத்தவன் விறைப்பாக நிற்கிறான். தலைப்பு ‘இளம் விவசாயிகள்’. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் தேடிப் போய் விசாரித்தபோது தெரியவந்தது, மூவருமே பக்கத்து இரும்புச் சுரங்கத்தைச் சேர்ந்த ஊழியர்கள். ஒருவன் சுரங்க அலுவலகத்தில் இருந்தவன். அந்த ஆண்டே தொடங்கிய போரில் மூவரில் ஒருவன் இறந்துபோனான். சுரங்க மேட்டிலிருந்து வந்த சாண்டருக்கு அவர்கள் யாரென்று தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தன் வரிசையின் முதல் பெட்டியில் அவர்கள் தேவைப்பட்டார்கள், அதனால் விவசாயிகள் ஆக்கிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் படத்தில் நிற்பவர்களுக்கு அந்தப் பெட்டியைப் பற்றிக் கவலையே இல்லை. அன்று மாலை அவர்கள் சுரங்கத்துக்கும் சொந்தமில்லை, வயலுக்கும் சொந்தமில்லை.

சாண்டரின் வகைப்பாட்டை நான் காப்பாற்ற விரும்பவில்லை. முகத்தைப் பார்த்து மனிதனின் இயல்பைச் சொல்லிவிடலாம் என்று அவர் உறுதியாக நம்பினார். வெஸ்டர்வால்ட் முதியவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து ஒருவரைத் தத்துவவாதி, ஒருவரைப் போராளி, ஒருவரை ஞானி என்று மூலமாதிரிகளாக நிறுத்திவைத்தார். பெண்களைத் தனி வர்க்கமாக ஒதுக்கி, அவர்களில் பலரைக் கணவனின் பக்கத்திலேயே வைத்தார். (1931-இல் எடுத்த கொலோன் வானொலி நிலையச் செயலாளரின் படத்தில், குட்டை முடியும் கையில் சிகரெட்டுமாக அமர்ந்திருக்கும் அந்தப் பெண்மணி எந்த வரிசையிலும் அடங்குகிறவராகத் தெரியவில்லை என்பது வேறு.) நோயாளிகள், பார்வையற்றோர், இறந்தோர் ஆகியோரை ‘கடைசி மனிதர்கள்’ என்று வரிசையின் இறுதிக்குத் தள்ளினார். அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் இனவாதிகளும் முகங்களை அடுக்கிப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்கக் கூடாது.

ஆனால் இனவாதிகளுக்குச் சாண்டரைப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திட்டத்தின் முன்னோட்டமாக 60 படங்களோடு, நாவலாசிரியர் ஆல்ஃபிரட் டப்ளினின் முன்னுரையோடு 1929-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். விவசாயியில் தொடங்கும் அந்த நூல், தெருவோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கும் வேலையில்லாத ஒருவரின் படத்தோடு முடிகிறது. ஆரிய உடற்கட்டு, வீரத்திருமுகம் எதுவும் அதில் கிடையாது. 1936-இல் நாஜி அரசு விற்காத பிரதிகளையும் அச்சுத் தகடுகளையும் அழித்தது. அதற்கு முன்பே, 1934-இல், இடதுசாரிக் கட்சியில் இயங்கிவந்த அவருடைய மகன் எரிக் கைதாகி 10 ஆண்டுத் தண்டனை பெற்றிருந்தார். தண்டனை முடியச் சில மாதங்களே இருந்தபோது, 1944-இல், குடல்வால் நோய்க்குச் சிகிச்சை தரப்படாமல் சிறையிலேயே இறந்தார். அதே ஆண்டு குண்டுவீச்சில் கொலோன் ஸ்டூடியோ அழிந்தது. நிலவறையில் தப்பியிருந்த 25,000 முதல் 30,000 வரையிலான நெகட்டிவ்கள் 1946-இல் ஒரு தீவிபத்தில் எரிந்துபோயின. கிராமத்துக்கு முன்னதாகக் கொண்டுபோய் வைத்திருந்தவைதான் இன்று நம் கையில் இருப்பவை. சாண்டர் 1964-இல் இறந்தார். அவருடைய திட்டத்தை ஒட்டித் தொகுக்கப்பட்ட 7 தொகுதிப் பதிப்பு 2002-இல்தான் 619 படங்களோடு வந்தது.

உங்கள் திட்டத்துக்கு மிக நெருக்கமானதாக நான் நினைப்பது, 1938-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் எடுத்த இன்னொரு வரிசை. அடையாள அட்டைக்குப் படம் வேண்டி கொலோன் யூதர்கள் அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அவர்களைப் பிரித்தறிய அரசு கேட்ட படம் அது. சாண்டர் அவர்களைப் பலகாரக் கடைக்காரரை எடுத்த அதே நிதானத்தோடு, அதே மரியாதையோடு உட்காரவைத்து எடுத்தார். பிற்பாடு தன் பெருந்தொகுப்பில் ‘துன்புறுத்தப்பட்டோர்’ என்ற தலைப்பில் சேர்த்தார். அவர்கள் அருகில், சிறைக்குள் புகைப்பட வேலை தரப்பட்டிருந்த எரிக் எடுத்த அரசியல் கைதிகளின் படங்களையும் வைத்தார். அதே பெருந்தொகுப்பில் நாஜி அதிகாரிகளும் சீருடையோடு இருக்கிறார்கள். யூதர் என்பது அவர்களுக்கு அரசு கொடுத்த தலைப்பு. சாண்டர் அதை நீக்கிவிட்டு, அரசு அவர்களுக்கு என்ன செய்தது என்பதைத் தலைப்பாக வைத்தார். தொழிலையும் பிறப்பையும் எழுதாமல் ஒரு வரிசையை அமைக்க முடியும் என்பதை அவரே அங்கே காட்டியிருக்கிறார். மறுசீரமைப்புக்காக வீட்டுக்கு வீடு எண் எழுதிக் கணக்கெடுக்கும் ஊரில் இருக்கும் உங்களுக்கு இது கூடுதலாகப் புரியும்.

உங்கள் வீட்டில் தாத்தாவின் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மும்பைக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர்கள் ஸ்டூடியோவில் எடுத்து ஊருக்கு அனுப்பிய படங்களில் ஸ்டூடியோக்காரர் கொடுத்த கோட்டு இருக்கும், கைக்கடிகாரம் தெரியும்படி மடித்த கை இருக்கும். தோல் சுரண்டும் கத்தி இருக்காது. அதைப் பொய்ப் படம் என்று சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெஸ்டர்வால்ட் இளைஞர்களின் கைத்தடி எவ்வளவு உண்மையோ, அந்தக் கோட்டும் அவ்வளவு உண்மை. எனவே கையில் கருவி இருக்க வேண்டும் என்ற விதியை விட்டுவிடுங்கள். எதைப் பிடித்துக்கொண்டு, எங்கே, எந்த உடையில் நிற்பது என்பதை நிற்பவரிடமே கேளுங்கள். இட்லிக்காரர் தன் சைக்கிளோடும் பாத்திரத்தோடும்தான் நிற்பேன் என்று சொல்லக்கூடும், ஏனென்றால் அது அவர் சொந்தமாகத் தொடங்கிய வியாபாரம். தோல் தைப்பவர் மகளின் பட்டமளிப்புப் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளக்கூடும். உங்கள் தந்தை தன் தையல் எந்திரத்தோடு நிற்க விரும்பினால், அப்போது அந்த எந்திரத்துக்கு வேறு பொருள் வந்துவிடும். படத்தின் கீழே என்ன எழுதுவது என்பதையும் அவர்கள் சொல்லட்டும். பெயரை எழுதச் சொன்னால் பெயரை எழுதுங்கள். சாண்டர் பெரும்பாலும் பெயரை எழுதாமல் விட்டது அவருடைய முறையின் குறை என்றே கருதுகிறேன். நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

ஜஹாங்கீருக்கு விண்ணப்பியுங்கள், தவறில்லை. அதற்கு முன்னால் படத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி போய்ச் சேரட்டும், தாராவியிலேயே ஒரு கூடத்தில் அவர்கள் முதலில் பார்க்கட்டும். ஏதாவது ஒரு படத்தை எடுத்துவிடச் சொன்னால், அது உங்களுக்கு மிகவும் பிடித்த படமாகவே இருந்தாலும், எடுத்துவிடுங்கள்.

ஃபிலிமா, டிஜிட்டலா என்று கேட்டிருந்தீர்கள். டிஜிட்டலே போதும். ஆனால் முக்காலியில் வையுங்கள், கல்யாண வீட்டில் எடுப்பதுபோல ஓடி ஓடி எடுக்காதீர்கள், ஓர் ஆளுக்கு நான்கைந்து படத்துக்கு மேல் வேண்டாம்.