காரில் 4 சேனல் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) முன் ஸ்பீக்கர் இரண்டும் சப்வூஃபர் ஒன்றும் மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். 1, 2ஆம் சேனல்களில் முன் கதவு ஸ்பீக்கர்கள். 3, 4ஐ பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டையும் ஒரே சேனலாகச் சேர்த்து, சப்வூஃபர். பெரும்பாலும் 3இன் பிளஸ்ஸும் 4இன் மைனஸும்தான், ஆம்பின் மேலேயே குறித்திருக்கும்.

பலரும் சறுக்குவது ஓம் (மின்தடை) கணக்கில். பிரிட்ஜில் பெரும்பாலான ஆம்புகள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. இரட்டைக் காயில் (இரண்டு கம்பிச்சுருள்) உள்ள சப்வூஃபரில் ஒவ்வொரு காயிலும் 4 ஓம் என்றால், பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள புரொடெக்டில் போய் நின்றுவிடும். சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) 8 ஓம், சத்தம் குறைந்தாலும் ஆபத்தில்லை. இரண்டும் 2 ஓம் காயில் என்றால் சீரிஸில் சரியாக 4.

வேலைக்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பிளஸ் வயரில் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் கட்டாயம். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு ஒலி சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயரை பவர் வயரோடு சேர்த்து ஓட்டினால் இன்ஜின் வேகத்தோடு கீச்சென்று இரையும்.

குளச்சல், முட்டம் போன்ற குமரிக் கடலோரத்தில் உப்புக்காற்றில் எர்த் முனைதான் முதலில் பச்சை பூக்கும். பெயின்டைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயர் இங்கே வேண்டாம். வெள்ளீயம் பூசிய முழுச் செம்பு வாங்குங்கள்.

ஃபில்டர் இரண்டும் 80 ஹெர்ட்ஸ்: முன் ஸ்பீக்கருக்கு ஹைபாஸ் (அதற்கு மேலான ஒலி மட்டும்), சப்புக்கு லோபாஸ் (கீழானது மட்டும்).