சிறுநீரில் ஈஸ்ட்: மாத்திரை இருக்கட்டும், குழாயை எப்போது எடுப்பார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரமாகியும் சிறுநீர்க் குழாயை எடுக்கவில்லை. பரிசோதனையில் 'ஈஸ்ட் செல்கள் உள்ளன' என்றும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேண்டிடா ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்றும் வந்திருக்கிறது. காய்ச்சலோ வலியோ இல்லை. மாதிரி எடுக்க வந்தவர், "கிட்னிக்குப் பரவிவிடும், 14 நாள் ஃப்ளூகோனசோல் கொடுங்கள்" என்று பயமுறுத்தி, அந்தப் பூஞ்சை மாத்திரையையும் அவரே வாங்கி வந்து கொடுத்துவிட்டார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் போய், "இந்தக் குழாய் இன்னும் எதற்கு?" என்று கேளுங்கள்.

கேண்டிடா நம் குடலிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் எப்போதும் வாழ்கிற ஈஸ்ட். அறுவை சிகிச்சையின்போது கொடுத்த ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் குறைத்திருக்கும். அந்த இடத்தில் இது பெருகும். சர்க்கரை நோயும் அதற்குத் துணை. குழாயின் உட்சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து உதிர்ந்து சிறுநீரில் வந்துகொண்டே இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் தெரிவது பெரும்பாலும் இந்த உதிரிகள்தான். ஈஸ்ட் குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு.

'ஒரு லட்சம்' என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலரும் நடுங்குகிறார்கள். அது பாக்டீரியாவுக்காக வகுத்த அளவுகோல். ஈஸ்ட் விஷயத்தில் எண்ணிக்கையை வைத்துத் தொற்றா இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குழாய் உள்ளவர்களுக்குச் சீழ் செல்கள் இருப்பதும் சாட்சியாகாது; குழாயின் உறுத்தலே அதற்குப் போதும். இந்த இரண்டு வரியை ரிப்போர்ட்டின் அடியில் அச்சிட ஏன் யாருக்கும் மனம் வரவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. வெறும் 'உள்ளன' என்று தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினால், வீட்டில் இருப்பவர் என்னதான் செய்வார்?

மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தொந்தரவு இல்லாத அல்லது மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு தினம் 200 மி.கி. ஃப்ளூகோனசோல் 14 நாள் கொடுத்தார்கள். முடிவில் 50 சதவீதம் பேருக்கு ஈஸ்ட் மறைந்தது; மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 29 சதவீதம் பேருக்கு மறைந்தது. இன்னும் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். குழாயை எடுத்தாலே, மருந்தே இல்லாமல், பத்தில் நான்கு பேருக்குச் சரியாகிவிடுகிறது.

மாதிரி எடுப்பவரின் வேலை மாதிரி எடுப்பது. அவர் மருந்து சொல்வதும், கடையில் சீட்டில்லாமல் கொடுப்பதும் எனக்குத் தாங்க முடியாத விஷயங்கள். ஃப்ளூகோனசோல் மிட்டாய் அல்ல. கிளிமிபிரைடுடன் சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். இடுப்பு அறுவைக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருந்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

தொந்தரவே இல்லாவிட்டாலும் மருந்து தேவைப்படுகிற ஒரு சூழ்நிலையைச் சொல்லியாக வேண்டும். சிறுநீர்ப்பாதைக்குள் கருவி விட்டுக் கல் எடுப்பது, ஸ்டென்ட் வைப்பது, புராஸ்டேட்டைச் சுரண்டுவது போன்ற சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், சில நாள் முன்பும் சில நாள் பின்பும் பூஞ்சை மருந்து தருவோம். கருவி படும் இடத்தில் சவ்வு கீறி, ஈஸ்ட் ரத்தத்துக்குள் நுழைய வழி கிடைக்கும் என்பதால். படுக்கையில் வைத்தே பழைய குழாயை எடுத்துப் புதிது போடுவது இந்தக் கணக்கில் வராது. "குழாய் மாற்றப் போகிறோம், அதனால் மாத்திரை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இடுப்பெலும்பு சிகிச்சையும் இதில் சேராது. அம்மாவுக்குச் சிறுநீரகக் கல் சிகிச்சை ஏதாவது நிச்சயிக்கப்பட்டிருந்தால் மட்டும் அந்த டாக்டரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, சிறுநீர் குறைவது, திடீர்க் குழப்பமான பேச்சு: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குழாய் எடுத்த பிறகு எரிச்சல் இருந்தால், பிறப்புறுப்பைக் கழுவி, நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுங்கள். பையில் தேங்கியதை ஒருபோதும் அனுப்பாதீர்கள். கேண்டிடாவில் எந்த வகை என்றும் கேட்டு வாங்குங்கள். கிளாப்ராட்டா வகை பல நேரம் ஃப்ளூகோனசோலுக்கு மசியாது.

குழாய் இன்னும் தேவை என்று டாக்டர் சொன்னால், காரணத்தையும் எடுக்கப்போகும் தேதியையும் நோயாளியின் தாளில் எழுதச் சொல்லுங்கள். தேதி எழுதாத குழாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வார்டில் இதற்காக நான் சண்டை போடாத வாரம் குறைவு. எடுத்த பிறகு அம்மா தொந்தரவில்லாமல் சிறுநீர் கழித்தால், மறு பரிசோதனைகூட வேண்டாம்.