உறைபனி விழும் ஊரில் என்செஃபலார்டோஸ் ஹியூமிலிஸ் என்ற, பனை போலத் தோன்றும் குள்ளச் சைக்கட் செடியைத் தொட்டியில் வளர்க்க முடியுமா?

முடியும். தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மேட்டுப் புல்வெளிதான் இதன் தாயகம். அங்கே உறைபனி வழக்கம். தண்டு மண்ணுக்குள்ளேயே இருக்கும், இலை சுமார் 30–50 செ.மீ. வெறும் குளிரை இது தாங்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் தண்டு அழுகிவிடும்.

வேர் ஆழமாக இறங்கும் என்பதால் உயரமான தொட்டி எடுங்கள். மூன்று பங்கு பருமணல் அல்லது பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), ஒரு பங்கு இலைமட்கு போதும், சுண்ணாம்பு வேண்டாம். குருத்து மண்ணுக்கு மேலே தெரியட்டும், சுற்றிலும் சரளை போடுங்கள். முழு வெயிலில் வையுங்கள். நிழலில் இலை நீண்டு தொய்ந்து, குட்டையான அழகே போய்விடும். கோடையில் மேல்மண் காய்ந்ததும் தாராளமாக நீர் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் மழை படாத இடத்தில் ஏறக்குறைய உலர்வாகவே இருக்கட்டும்.

குருத்தடி மெத்தென்று அமுங்கினால் தாமதிக்காதீர்கள். செடியைப் பிடுங்கி, கெட்டியான சதை தெரியும்வரை அழுகலை வெட்டி, பூஞ்சைக்கொல்லி தடவி, நிழலில் நன்றாக உலர்த்தி, வெறும் பியூமிஸில் நடுங்கள்.

காட்டிலிருந்து பிடுங்கிய செடியை வாங்கவே வேண்டாம். இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது; விதையிலிருந்து வளர்த்த, சான்றுள்ள கன்றையே கேளுங்கள்.