சுரங்கம் மூடிய பிறகு ஒரு நிலக்கரி நகரம் என்ன ஆகும்? நேரில் பார்த்தவர்கள் சொல்ல முடியுமா?

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் யூபாரி என்று ஒரு நகரம். சப்போரோவில் வேலை பார்த்தபோது இரண்டு முறை போயிருக்கிறேன். எங்கெல்லாம் சுரங்கம் வெட்டினார்களோ அங்கெல்லாம் குடியிருப்பு கட்டியதால், ஊர் பள்ளத்தாக்கு நெடுகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 1960 வாக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள். இப்போது 7,000 பேர்கூட இல்லை. பாதிக்கு மேல் 65 வயது தாண்டியவர்கள். பரப்பளவு மட்டும் அதே 763 சதுர கிலோமீட்டர். நாலு வீடு இருக்கும் தெருவுக்கும் தண்ணீர்க் குழாய் வேண்டும், பனி அள்ள வேண்டும்.

1981இல் ஒரு சுரங்கத்தில் வாயு பீறிட்டுத் தீப்பிடித்து 93 பேர் இறந்தார்கள். தீயை அணைக்க, உள்ளே சிலர் சிக்கியிருக்கும்போதே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கடைசிச் சுரங்கம் 1990இல் மூடியது.

சுரங்கம் போனதால் ஊர் திவாலானது என்பார்கள். எனக்கு அது பாதிக் கதைதான். கம்பெனிகள் கைவிட்ட வீடுகள், மருத்துவமனை எல்லாவற்றையும் நகராட்சி தலையில் ஏற்றிக்கொண்டது. அது போதாதென்று சுற்றுலாவை நம்பிக் கேளிக்கைப் பூங்கா, பனிச்சறுக்கு, ஹோட்டல் என்று கடன் வாங்கிக் கொட்டியது. குறுகிய காலக் கடனை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிப் பள்ளத்தை மறைத்தார்கள். 2006இல் குட்டு உடைந்தபோது பாக்கி சுமார் 3,530 கோடி யென். அப்புறம் மேயர் சம்பளத்தில் 70 சதவீதம் வெட்டு, பள்ளிகள் இணைப்பு. 2019இல் ஊருக்குள் வந்த கிளைப் பாதை ரயிலும் நின்றது.

நிஜமாகவே கைகொடுத்தது முலாம்பழம். எரிமலைச் சாம்பல் மண்ணில் தண்ணீர் தேங்காது. அதில் விளையும் ஆரஞ்சு நிறச் சதைப் பழம் ஒரு ஜோடி 2019 ஏலத்தில் 50 லட்சம் யெனுக்குப் போனது. (கடையில் அவ்வளவு இல்லை, பயப்பட வேண்டாம்.)

பக்கத்து ஊர்களும் இதே கதைதான், ஆனால் தடம் வேறு. மிகாசாவில் சுரங்கம் 1879இலேயே தொடங்கியது. இப்போது அங்கே அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரினம்) புதைபடிவங்கள்தான் பிரபலம். பிபாயில் மூடிய பள்ளியொன்று சிற்பப் பூங்காவாகிவிட்டது. போனால் அதைத் தவறவிடாதீர்கள்.

யூபாரிக்காரர்களின் குசும்பையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழியில் 'ஃபுசாய்' என்றால் கடன், தம்பதி இரண்டும்தான். திவாலான கையோடு 'யூபாரி ஃபுசாய்' என்று ஒரு தம்பதியைச் சின்னமாக வைத்து, பணம் இல்லை, காதல் இருக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள்.