அம்மாவின் டேப்லெட்டில் உங்கள் மின்னஞ்சல்

வணக்கம். அம்மாவின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டை உங்கள் கூகுள் கணக்கில் திறந்ததால் உங்கள் கடிதங்களெல்லாம் அதில் வருகின்றன, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையே இல்லை.

செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் முதலில் அம்மா பெயரில் புதிய கணக்கைச் சேருங்கள். சரிபார்ப்பு எண் அனுப்பக் கைப்பேசி எண் கேட்டால் அவருடையதையே கொடுங்கள். உங்கள் எண்ணைக் கொடுத்தால், அவர் கடவுச்சொல்லை மறக்கும்போதெல்லாம் நீங்கள் ஆபிஸ் மீட்டிங்கில் இருப்பீர்கள்! அப்புறம் உங்கள் கணக்கை நீக்குங்கள். அது டேப்லெட்டிலிருந்து மட்டும்தான் போகும், கடிதங்கள் அழியாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் மட்டும் அவர் கணக்குக்கு மாறாது.

வாட்ஸ்அப்பை டேப்லெட்டில் எண் போட்டுப் புதிதாகப் பதியாதீர்கள், கைப்பேசியில் வெளியேறிவிடும். டேப்லெட் காட்டும் கியூஆர் குறியீட்டை, கைப்பேசி வாட்ஸ்அப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’ வழியாக ஸ்கேன் செய்தால் போதும்.

வங்கியிலிருந்து வந்ததுபோல் மின்னஞ்சல் வந்தால் எதையும் தட்டாமல் சிங்கப்பூரின் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளச் செயலியான சிங்பாஸை அவர் கைப்பேசியிலேயே விட்டுவிடுவது நல்லது. படிக்கப் பிடிக்கும் என்றால் தேசிய நூலக வாரியத்தின் செயலியைப் போட்டுக் கொடுங்கள், தமிழ் மின்னூல்கள் இலவசம்.