கார்டில் இருக்கும் பட்டங்களை நம்பிப் பணம் போடலாமா?

கேள்வி: அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றிருக்கிறேன். கிராஜுட்டி, ஜி.பி.எஃப். பணம் வந்துவிட்டது. தெரிந்தவர் சொல்லி 'ஓய்வுக்கால நிதி ஆலோசகர்' ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் விசிட்டிங் கார்டில் சி.எஃப்.பி., என்.ஐ.எஸ்.எம். சான்று பெற்றவர் என்றெல்லாம் இருக்கிறது. தனக்குக் கட்டணமே வேண்டாம் என்கிறார். மொத்தமாகப் பணம் கட்டினால் ஓய்வூதியம் போலத் தவணையாகத் தரும் ஆன்யுட்டி பாலிசி ஒன்றில் 20 லட்சம் போடச் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே டீச்சர், ரொம்ப நல்லது. வங்கிக் கிளையில் வேலை பார்த்தவள் நான். ஓய்வுப் பணம் கணக்கில் ஏறியதுமே ஆட்கள் தேடி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சி.எஃப்.பி. மதிப்பான படிப்புதான். முதலீடு, வரி, காப்பீடு, ஓய்வுக்காலத் திட்டமிடல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது படிப்பு மட்டுமே. முதலீட்டு ஆலோசகராகத் தொழில் செய்ய, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். என்.ஐ.எஸ்.எம். என்பது செபி தொடங்கிய கல்வி நிறுவனம். அது பல தேர்வுகள் நடத்துகிறது. எந்தத் தேர்வு என்று கேளுங்கள். 5-ஏ என்றால் மியூச்சுவல் ஃபண்ட் விற்பவருக்கானது. 10-ஏ, 10-பி இரண்டும் முதலீட்டு ஆலோசகருக்கானவை. ஓய்வுக்கால ஆலோசகருக்கென்றே 17-ஆம் வரிசைத் தேர்வு இருக்கிறது; அதில் தேறியவரும் ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றால்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். சான்றிதழில் தேதியையும் பாருங்கள், காலாவதி ஆகியிருக்கலாம்.

என்னை உறுத்துவது அந்தக் 'கட்டணமே வேண்டாம்'தான். அப்படியானால் அவருக்குச் சம்பாத்தியம் எங்கிருந்து வருகிறது? பாலிசி விற்றால் வரும் கமிஷனிலிருந்து. கமிஷன் வாங்குவது தப்பில்லை. சட்டப்படியான ஏஜென்ட் வேலைதான் அது. ஆனால் எந்தத் திட்டத்தில் அவருக்கு வருமானமோ அதைத்தான் உங்களிடம் முதலில் நீட்டுவார். செபியில் பதிவான ஆலோசகர் உங்களிடமே கட்டணம் வாங்குவார். உங்களுக்குப் பரிந்துரைக்கும் திட்டத்துக்குக் கமிஷன் வாங்க அவருக்கு அனுமதி இல்லை. சில ஆயிரங்கள் கையை விட்டுப் போகிறதே என்று யோசிக்காதீர்கள். உங்களுக்காகப் பேசுகிறவருக்குச் சம்பளம் நீங்கள் கொடுப்பதுதான் முறை.

அவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ஐ.என்.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும். செபி இணையதளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது. பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள். அடுத்தவர் எண்ணைத் தன் எண் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதனால் கார்டில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, பட்டியலில் இருக்கும் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ தொடர்புகொண்டு உறுதி செய்யுங்கள். நல்ல ஆலோசகர் கிடைத்தாலும் அவருக்குப் போக வேண்டியது கட்டணம் மட்டும்தான். முதலீட்டுப் பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராக அந்தத் திட்டத்துக்குப் போகட்டும்.

ஆன்யுட்டி எல்லாருக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலான திட்டங்களில் ஒருமுறை போட்ட பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. மாதம் எவ்வளவு வரும், உங்களுக்குப் பிறகு யாருக்கு எவ்வளவு, நடுவில் வெளியேறினால் என்ன கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் சும்மாவும் இருக்க வேண்டாம். தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். ஐந்து வருடத் திட்டம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். இதற்கு எந்த ஆலோசகரும் தேவையில்லை.

ஒருவேளை இந்தப் பதில் அச்சாவதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம். அப்படிக் கொடுக்கும்போது தேதியோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.